14ஆம் பக்கம்

இப்போது நான் படம் கீறிக்கொண்டிருக்கிற கொமிக்ஸ் புத்தகம் மொத்தம் 48 பக்கம். 14ஆம் பக்கத்தில் வந்து நின்று இன்றோடு ஐந்து நாள். மற்றப் பக்கங்களுக்கு இரண்டு நாள்தான் போகும், சில வேளை இரண்டரை. இந்தப் பக்கம் மட்டும் அசையவில்லை. அதில் இருப்பது யாழ்ப்பாணம் ரெயில் நிலையம், அதுவும் 1968ஆம் ஆண்டின் ரெயில் நிலையம். நான் பிறந்தது 1988இல்.

கதை ரொறன்ரோவில் இருக்கிற ஒரு அக்கா எழுதியது. பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி தகப்பனோடு யாழ்தேவி ரெயிலில் முதல் தடவையாகக் கொழும்புக்குப் போகிறாள், அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, மாயமந்திரம் இல்லை. 14ஆம் பக்கத்துக்கு அக்கா எழுதித் தந்தது மூன்றே மூன்று வசனம்: மேடையில் சனம், ரெயில் வருகிறது, பிள்ளை தகப்பனின் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். எழுதுகிறவருக்கு அது காணும். கீறுகிறவளுக்கு மேடை எவ்வளவு உயரம், கூரை ஓடா தகரமா, தூண் மரமா இரும்பா, சனம் என்ன உடுத்திருந்தது, பெட்டியை என்னத்தால் கட்டியிருந்தது, பிள்ளையின் காலில் செருப்பு இருந்ததா, ரெயில் எந்தப் பக்கத்தால் வரும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "சனம்" என்று எழுத நாலு எழுத்துக்கூட வேண்டாம். கீறுவதற்கு முப்பது முகம் வேண்டும்.

ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். முதலில் கொப்பித் தாளில் தீப்பெட்டி அளவுக்குப் பக்கத்தைக் கீறுவேன். எத்தனை கட்டம், எந்தக் கட்டம் பெரிது, கண் எங்கே தொடங்கி எங்கே போய் இறங்கும் என்று பார்ப்பதற்கு மட்டும் ஒரு மணித்தியாலம். பார்க்கிறவருக்கு அது கிறுக்கல் மாதிரித்தான் தெரியும், ஆனால் அங்கே பிழைத்தால் பிறகு எவ்வளவு வடிவாகக் கீறினாலும் பக்கம் ஓடாது. அப்புறம் பென்சில், ஆறு மணித்தியாலம். மை ஐந்து. நிறம் நான்கு. எழுத்து ஒன்றரை. கூட்டிப் பார்த்தால் 17 மணித்தியாலம் தாண்டும். அதை வாசிக்கிற பிள்ளை 20 செக்கனில் தாளைத் திருப்பிவிடும். அப்படித் திருப்பவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். எங்கேயும் தடக்குப்படாமல் திருப்பினால் என் வேலை சரி.

பென்சில், மை என்று பழக்கத்தில் சொன்னாலும் இப்போது எல்லாம் டேப்லெட்டில்தான். அதன் பேனை முனை பிளாஸ்டிக், உரஞ்சி உரஞ்சி ஒரு பக்கம் சப்பையாகிவிடும், சப்பையானதும் கோட்டின் நுனி மொத்தமாக விழும். உடனே புது முனை போடாமல் பேனையைக் கொஞ்சம் சுற்றிப் பிடித்து, தேயாத பக்கத்தால் இன்னும் இரண்டு கிழமை இழுப்பேன். அந்த முனை கொழும்பில் இருந்து வரவேண்டும்.

2011இல் இருந்து இதுதான் என் முழுநேரத் தொழில். மாதச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வேலையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இன்றைய திகதிக்கு என் மேசையில் நாலு வேலை இருக்கிறது. இந்தப் புத்தகம். சுவிஸில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கான ஒரு பாடப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு படம். டெங்கு பற்றி ஒரு சுவரொட்டி. பிறகு ஒவ்வொரு மாதமும் வருகிற அமெரிக்க வேலை. அங்கே மாதாந்தக் கொமிக்ஸ் ஒன்றுக்கு 20, 22 பக்கம் வரும், அவ்வளவையும் ஒரே ஆள் ஒரு மாதத்தில் முடிக்க ஏலாது, அதனால் பென்சில் ஒருவர், மை ஒருவர், நிறம் ஒருவர், எழுத்து ஒருவர் என்று பிரித்துவிடுவார்கள். நிறம் போடுகிறவருக்கும் கீழே இன்னொருவர் இருப்பார். முகம் தனி, சட்டை தனி, வானம் தனி என்று ஒவ்வொன்றையும் தட்டையான நிறத்தால் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை, ஃப்ளாட்டிங் என்பார்கள். நான் அந்த வேலையில்தான் தொடங்கினேன். புத்தகத்தில் பெயர் வராது, ஆனால் பெரிய கைகாரர்களின் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கும். ஒரு கையில் ஐந்து விரலையும் எப்படி இரண்டு கோட்டில் முடிக்கிறார்கள் என்பதை அப்படித்தான் படித்தேன்.

அங்கே வேலை தொடங்கும் நேரம் எனக்கு இரவு. நியூயோர்க்குக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், மாரியில் பத்தரை. அவர்கள் காலையில் அனுப்பும் திருத்தம் எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து விழும். விடிய எழும்பிச் செய்து அனுப்பினால் அவர்கள் நித்திரையால் எழும்பும்போது வேலை முடிந்திருக்கும், அதனால் நாலரைக்கு எழும்புவேன். இன்னொரு காரணம், சித்திரை வைகாசியில் எங்கள் ஊரில் பத்து மணிக்குப் பிறகு கை வியர்க்கும், கண்ணாடியில் கை ஒட்டும், நீளக் கோடு இழுபடாது. அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைக்காமல் யன்னல் கட்டில் வைப்பார். ஒருமுறை கவிழ்ந்ததில் இருந்து அப்படி.

சரி, ரெயில் நிலையத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு கோண்டாவிலில், ரெயில் பாதைக்குக் கிட்ட. ஆனால் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அதில் ரெயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. 1990இல் யாழ்தேவி நின்றது. சண்டைக்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. எங்களுக்கு "ரெயில் பாதை" என்றால் பற்றைக்கு நடுவே சைக்கிள் ஓடுகிற ஒரு நேரான மண் ஒழுங்கை, அவ்வளவுதான். 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி திரும்பி யாழ்ப்பாணம் வந்தது. அன்றைக்குப் பார்க்கப் போன சனத்துக்குள் நானும் நின்றேன். எனக்கு 26 வயது. எங்கள் ஊருக்குள் ரெயில் வந்து நிற்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நடந்தார்.

ஆகவே 1968 எனக்குத் தெரியாது. படம் தேடலாம் என்றால், மற்ற ஊர்களில் ஒரு வீட்டு அல்பத்தைப் புரட்டினால் கிடைத்துவிடுகிற சாதாரணப் படம் இங்கே கிடைக்காது. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டையால் சனம் முழுவதும் ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது பாதிப் பேர் அல்பத்தை எடுக்கவில்லை; எடுத்தவர்களில் எத்தனையோ பேர் வழியில் மழையில் விட்டார்கள். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது போனது 97,000 நூல்கள் என்று சொல்கிறார்கள், அதற்குள் எத்தனை படம் இருந்ததோ. உலகத்தில் மற்ற இடங்களில் கொமிக்ஸ் கீறுகிறவர் இணையத்தில் ஒரு மணித்தியாலம் தேடி முடிக்கிற வேலையை, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆட்களிடம் போய்க் கேட்டு முடிக்கவேண்டி இருக்கிறது. பழைய யாழ்ப்பாணம் ஆட்களின் தலைக்குள்தான் இருக்கிறது.

கொக்குவிலில் ஒரு ஐயா இருக்கிறார். ரெயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டிவிட்டார். முதல் நாள் போனபோது, "என்ன பிள்ளை, பேப்பருக்கு எழுதவோ?" என்று கேட்டார். இல்லை ஐயா, படம் கீற என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, "அப்ப கொப்பியை எடும்" என்றார்.

அவர் சொன்ன மாதிரி எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய நாளில் இருந்து அதை இழுத்தவை எம்-2 ரக டீசல் என்ஜின்கள், கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கனடா கொடுத்தவை, பலவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்கள். அதில் சாரதி நிற்கிற அறை நடுவிலும் இல்லை, நுனியிலும் இல்லை; ஒரு பக்கம் நீளமான மூக்கு, மற்றப் பக்கம் கட்டை மூக்கு. "நீர் நடுவில கீறிப்போடாதையும், பார்க்கிறவன் சிரிப்பான்." ஒற்றைப் பாதை என்பதால் சாரதிக்கு வழிவிடும் அடையாளமாக ஒரு வளையத்தில் தொங்குகிற பைக்குள் வைத்த "டேப்லெட்" என்கிற உலோக வில்லையைக் கொடுக்க வேண்டும், நான் கீறுகிற டேப்லெட் இல்லை. அந்த வளையத்தை எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டேன். ஐயா கதிரையால் எழும்பி, தோளில் வளையம் தொங்குகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, மற்றக் கையை நீட்டி, வராத ரெயிலுக்கு முன்னால் விறாந்தையில் நின்றார். அந்தச் சாய்வை அப்படியே கொப்பியில் பிடித்தேன். அந்தக் கோடுதான் இப்போது 14ஆம் பக்கத்தின் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது.

ரொறன்ரோ அக்காவுக்கு அன்றிரவு என்ஜின் கதையைச் சொன்னேன். ஒன்ராறியோ என்று பெயர் எழுதிய என்ஜின் அவருடைய அப்பாவின் ஊரில் ஓடியிருக்கிறது, அவர் இப்போது இருப்பது ஒன்ராறியோவில். கொஞ்ச நேரம் அவர் கதைக்கவே இல்லை. பிறகு, "என்ஜினை இன்னும் கொஞ்சம் பெரிசாக் கீறுவமா?" என்றார். கட்டங்களை மாற்ற வேண்டி வந்தது, இன்னொரு நாள் போனது, எனக்கு அதில் கவலை இல்லை.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வேலையில் பாதியைச் சொல்லாத மாதிரி. இந்தப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. பேச்சுக் குமிழை நான் எப்போதும் தமிழுக்கு அளவெடுத்துத்தான் கீறுவேன். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த குமிழுக்குள் தமிழ் போகாது. ஆங்கிலக் கொமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம், வரிகளை நெருக்கி அடுக்கலாம். எங்கள் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி. "கீ"யும் "கூ"வும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று வந்தால் முட்டிக்கொள்ளும், வரிக்கு வரி இடைவெளி கூட வேண்டும். சொற்களும் நீளம். "வெளிக்கிட்டிட்டுதே" என்று அந்தப் பிள்ளை கேட்கிறாள், ஒரே சொல், குமிழின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுவிடும். முறித்து எழுதலாம், ஆனால் எங்கே முறிக்கிறோம் என்பதில் பேச்சின் மூச்சு இருக்கிறது. "வெளிக்கிட்" என்று ஒரு வரியும் "டிட்டுதே" என்று அடுத்த வரியும் வந்தால் பிள்ளை கொன்னை தட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் சில இடங்களில் அக்காவிடம் கேட்டுச் சொல்லையே மாற்றுவோம், சில இடங்களில் ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக் குமிழுக்கு இடம் எடுப்பேன்.

அதை விடப் பெரிய தலையிடி மென்பொருள். யூனிகோடில் "கொ" என்று தட்டினால் கணினிக்குள் முதலில் க, பிறகு ஒகரக் குறி என்று இருக்கும். அதைத் திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. சில மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றாவிட்டால் கொம்பு பின்னால் போய் நிற்கும், புள்ளிகளால் ஆன வட்டங்கள் முளைக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அந்தக் கரைச்சல் இல்லை, அதனால்தான் இங்கே அச்சகங்களில் இன்னும் அதை விடமாட்டார்கள். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுக் கதையும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ஒருமுறை வெளிநாட்டில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்தில் "போனான்" எல்லாம் கொம்பு பிரிந்து வந்திருந்தது. அச்சிட்டவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கடைசிப் பிரதியைக் காட்டவும் இல்லை. ஆயிரம் பிரதி. அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் என்னால் திறந்து பார்க்க முடியாது. அதற்குப் பிறகு எழுத்தைப் படமாக மாற்றித்தான் அனுப்புகிறேன். இந்தப் புத்தகத்துக்கு அதையும் விட்டுவிட்டு முழுவதையும் கையால் எழுதுகிறேன். நேரம் இரட்டிப்பாகப் போகிறது. ஆனால் பிள்ளை மெல்லக் கதைக்கும்போது எழுத்தும் மெல்லியதாக வரும், தகப்பன் கூப்பிடும்போது எழுத்தும் எட்டிக் கூப்பிடும்.

இந்த ஆசை எங்கே இருந்து வந்தது என்று யோசித்தால் மாமாவின் ட்ரங்குப் பெட்டிதான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரி தடை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம்போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்து எரிகிற அந்தச் சின்ன வெளிச்சத்தில், அட்டை கழன்ற முத்து கொமிக்ஸ், ராணி கொமிக்ஸ் புத்தகங்களைக் கிட்டப் பிடித்து வாசிப்பேன். அதே பெட்டிக்குள் "சிரித்திரன்" என்ற எங்கள் நகைச்சுவைச் சஞ்சிகையின் பழைய இதழ்களும் இருந்தன. மற்றக் கொமிக்ஸில் வருகிறவர்கள் தொப்பி போட்டவர்கள், குதிரையில் போகிறவர்கள். அதன் ஆசிரியர் சிவஞானசுந்தரம், சுந்தர் என்ற பெயரில் கீறிய கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித் தம்பரோ எங்கள் ஒழுங்கையில் நடந்துபோகிற ஆள், எங்கள் பேச்சையே பேசுகிற ஆள். நாங்களும் படத்துக்குள் வரலாம் என்று எனக்குத் தெரிந்தது அதில்தான். அவர் 1996இல் காலமானார். அந்த வருடம் எனக்கு எட்டு வயது, நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிக்கொண்டிருந்தேன். கொப்பி பள்ளிக்கூடத்துக்கு மட்டும்.

காசு கிடைத்த முதல் வேலை ஒரு மிதிவெடி விழிப்புணர்வுக் கதை. எட்டுப் பக்கம், மீள்குடியேறிய ஊர்களின் பிள்ளைகளுக்கு. ஒரு பையன் தெரியாத பொருள் ஒன்றுக்குக் கல்லெறிகிற மாதிரிக் கீறி, அதன் மேல் பெரிய சிவப்புப் புள்ளடி போட்டிருந்தேன். அச்சடிக்க முன்னர் பிள்ளைகளிடம் காட்டிப் பார்த்தோம். ஒரு சின்னவன் அந்தப் புள்ளடியைக் காட்டி, "இது பெருக்கல்" என்றான். படத்தில் இருந்த பையன் கல்லெறிகிறான், அதை இவன் பார்த்திருக்கிறான், அதற்கு மேல் ஒரு கணக்கு அடையாளம். எனக்கு உடம்பு குளிர்ந்துபோனது. அன்றிரவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, செய்யக்கூடாததைக் கீறாமல், செய்யவேண்டியதை மட்டும் கீறினேன்: நிற்கிறான், தொடவில்லை, வந்த காலடியிலேயே திரும்புகிறான், பெரியவரிடம் சொல்கிறான். காலடித் தடங்களை ஒவ்வொன்றாகக் கீறினேன், எந்தத் தடமும் வந்த தடத்தை விட்டு விலகாமல். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் ஒரு பிள்ளையிடம் காட்டாமல் நான் அனுப்பியதில்லை.

2022ஐயும் சொல்ல வேண்டும். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நாட்கள் அவை. இரவு ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் இரவு ஒரு மணிக்கு வேலை. கடைசியில் பழைய மைப்போத்தலையும் தொட்டெழுதும் பேனையையும் எடுத்து, விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் தாளில் கீறி, போனில் படமெடுத்து அனுப்பினேன். டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 ஆனது, டொலரில் உழைக்கிற எனக்கு அது லாபம் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் அண்ணாவின் சம்பளம் ரூபாயில். சாமான் விலை எல்லோருக்கும் ஒன்று.

காசு பற்றி இவ்வளவுதான் சொல்வேன்: முற்பணம் வாங்காமல் தொடங்காதீர்கள். புதிதாக வருகிற தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன். மூன்றில் ஒன்று முதலில், ஒன்று பென்சில் முடிய, ஒன்று கடைசிக் கோப்பு கொடுக்க முன்னர். ஒரு தடவை 30 பக்கம் கீறிக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் வட்ஸ்அப்பில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள்தானே என்று கேட்கக் கூச்சப்பட்டது என் பிழை, கொடுக்காதது அவர்களின் பிழை. வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், எங்களிடம் இராது. வந்த காசு ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கையையும் பாருங்கள். எனக்கு இரண்டு வருடத்துக்கு முன்னர் வலது பெருவிரலடி வீங்கி, மூன்று கிழமை ஒரு கோடும் இழுக்க முடியாமல் இருந்தேன். அந்த மூன்று கிழமையில் வந்த காசு பூச்சியம். இப்போது முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பிக் கிணற்றடி வரை போய் வருவேன்.

நேற்றுப் பின்னேரம் 14ஆம் பக்கத்தைத் திருநெல்வேலியில் ஒரு கடையில் பெரிய தாளில் அச்செடுத்து, சுருட்டி, சைக்கிளில் கொக்குவிலுக்குக் கொண்டுபோனேன். ஐயா விறாந்தையில் தாளை விரித்து நாலு மூலைக்கும் நாலு சாமான் வைத்தார்: மூக்குக்கண்ணாடிக் கூடு, வெற்றிலைத் தட்டம், ரேடியோ, என் போன். பிறகு குனிந்து பார்க்கத் தொடங்கினார். எதுவும் கதைக்கவில்லை. என்ஜினைப் பார்த்தார், கட்டை மூக்கில் விரலை வைத்துத் தலையாட்டினார். வளையம் பிடித்து நிற்கிற ஆளிடம் வந்து அங்கேயே நின்றார். உள்ளே இருந்து அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்து, தாளைப் பார்த்துவிட்டு, தட்டத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். "மூலையில நிக்கிற பொம்பிளையின்ர சீலைக்கரை அப்பிடித்தான்," என்றார் மெல்ல. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, ஆனால் பின்னேர வெயில் தாளின் ஒரு பக்கத்தால் வந்து மற்றப் பக்கத்தால் போகிற அளவுக்கு அவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

பிறகு ஐயா நிமிர்ந்தார்.

"பிள்ளை, எல்லாம் சரி. மணி மட்டும் மற்றப் பக்கத்துத் தூணில."

தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கிற மணி. நான் இடப்பக்கம் கீறியிருந்தேன். வலப்பக்கம் மாற்றினால் தகப்பனின் தலை மறைக்கும், தகப்பனை நகர்த்தினால் குமிழுக்கு இடம் போகும். இரவு அக்காவுக்கு இன்னும் ஒரு நாள் வேணும் என்று எழுதினேன். ஓம் என்று பதில் வந்திருந்தது. இப்போது விடிய நாலே முக்கால். கோப்பைத் திறந்து தகப்பனை அழித்துவிட்டேன். முதலில் தூணை வைக்கிறேன், பிறகு மணி, அதற்குப் பிறகுதான் அவரை எங்கே நிறுத்துவது என்று பார்க்க வேண்டும்.